ஹெரான் தீவு களப்படிப்பு: நீச்சல் சுமார், பறவை என்றால் பயம், ப்ராஜெக்ட் ஐடியா இல்லை

புதுத்துடுப்பு கேட்டது:

வணக்கம். பிரிஸ்பேனில் கடல் உயிரியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பிப்ரவரி முதல் வாரம் எங்கள் வகுப்பை, பெருந்தடுப்புப் பவளத்திட்டில் (கிரேட் பேரியர் ரீஃப்) உள்ள ஹெரான் தீவில் இருக்கும் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வு நிலையத்துக்கு அழைத்துப் போகிறார்கள். கையில் கொடுத்த தாளில் தொப்பி, மூடிய காலணி, டார்ச், பாதுகாப்பு விதி எல்லாம் வரிசையாக இருக்கின்றன. அங்கே ஒரு நாள் எப்படிப் போகும் என்பது மட்டும் அதில் இல்லை.

என் கவலை மூன்று. நீச்சல் தெரியும், ஆனால் சுமார்தான். நீச்சல் குளத்தில் ஓகே, அலையில் பதறிவிடுவேன். இரண்டாவது, சிறு வயதிலிருந்தே பறவை தலைக்கு மேல் பறந்தால் குனிந்துவிடுகிற ஆள் நான். தீவு முழுக்கப் பறவை என்கிறார்கள். மூன்றாவதுதான் பெரிய தலைவலி. ஆளுக்கொரு சின்ன ஆய்வு செய்து, கடைசி நாள் எல்லோர் முன்னாலும் பேச வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் ஏற்கெனவே "ஆமை" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எனக்கும் ஆமை ஆசை உண்டு. ஆனால் எதை எப்படி அளப்பது என்று ஒன்றும் பிடிபடவில்லை.

போய் வந்தவர்கள் யாராவது உண்மையைச் சொல்லுங்கள். "வாழ்க்கையே மாறிவிடும்" வகைப் பதில்கள் நிறைய படித்துவிட்டேன்.

கடலட்டைக்காரி:

நான் அங்கே முதலில் மாணவியாகப் போனேன், அப்புறம் முதுகலை ஆய்வுக்கு, பிறகு இளநிலை வகுப்புகளுக்கு உதவியாளராக. என் வேலை முழுக்கக் கடல் அட்டை, அதாவது கடலடி மணலில் வெள்ளரிக்காய் மாதிரி கிடக்கும் உயிர். அதனால் என் பதில் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

நீச்சலை முதலில் முடித்துவிடலாம். முதல் நாளே ஆழமில்லாத இடத்தில் மாஸ்க், ஸ்நார்க்கெல் போட்டு உங்களைப் பார்ப்பார்கள். பதற்றம் வந்தால் அங்கேயே சொல்லிவிடுங்கள். மறைத்துக்கொண்டு விளிம்புக்கு வருகிறவர்தான் கூட வருகிறவர்களுக்குத் தொல்லை. சொல்கிறவரால் ஒரு தொல்லையும் இல்லை. அதைவிட முக்கியமானது, ஹெரானில் பார்க்க வேண்டியதில் பெரும்பகுதி முழங்கால் தண்ணீரில் இருக்கிறது. நீந்தவே வேண்டாம், நடந்தால் போதும்.

தீவு ரொம்பச் சின்னது. நீளம் 800 மீட்டர், அகலம் 300 மீட்டர் சுமார். பவள மணலும் சிப்பித் தூளும் குவிந்து உண்டான திட்டு. கிளாட்ஸ்டனிலிருந்து 80 கி.மீ. தொலைவில், கிட்டத்தட்ட மகர ரேகையின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கம் ரிசார்ட், ஒரு பக்கம் நிலையம், மீதி தேசியப் பூங்கா. தீவைச் சுற்றியிருக்கும் பவளத் திட்டுதான் தீவைவிடப் பல மடங்கு பெரியது. கடல் வற்றும்போது அதன் மேற்பரப்பு நடக்கிற ஆழத்துக்கு வந்துவிடும்.

இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் அந்த வாரமே உங்களுக்குச் சுலபமாகிவிடும். திட்டின் வெளி விளிம்பு நடுப்பகுதியைவிட உயரம். கடல் அந்த விளிம்புக்குக் கீழே இறங்கிய பிறகும் உள்ளே இருக்கும் தண்ணீர் முழுக்க வெளியேற முடியாமல் தேங்கி நிற்கும். ஓத (கடல் ஏற்ற இறக்க) அட்டவணையில் "வற்றம் இத்தனை மணிக்கு" என்று ஒரு நேரம் போட்டிருக்கும், ஆனால் திட்டின் மேல் நீர்மட்டம் அதற்கு வெகு முன்னாலேயே நின்றுவிடும், கடல் திரும்ப ஏறி விளிம்பைத் தாண்டும்வரை அப்படியே இருக்கும். உங்களுக்கு வேலை செய்யக் கிடைக்கும் அமைதியான நேரம் அதுதான். சாப்பாடு, தூக்கம், பாடம் எல்லாமே இந்த நேரத்தைச் சுற்றித்தான் போடுவார்கள். ஒரு நாள் காலை ஆறு மணிக்குக் காலணியை மாட்டுவீர்கள், இன்னொரு நாள் இரவு ஒன்பதுக்கு. உங்கள் தாளில் "ஒரு நாள் எப்படிப் போகும்" என்று எழுதாததற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை. ஓத அட்டவணையைப் பார்க்காமல் அதை எழுத முடியாது.

தேங்கிய அந்தத் தண்ணீரில் நடப்பதுதான் எனக்கு ஹெரானிலேயே பிடித்த கதை. பகலில் வெயில் ஏறி அது சூடாகும். பாசியும் பவளத்துக்குள் இருக்கும் நுண்பாசியும் ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை நிரப்பும். இரவில் அது நின்றுவிடும், ஆனால் மூச்சுவிடுகிற உயிர்கள் எல்லாம் மூச்சு விட்டுக்கொண்டேதான் இருக்கும். காற்றில்லாத ராத்திரியில் வற்றம் வந்தால் ஆக்சிஜன் மளமளவென்று இறங்கும். மீன்களில் பல அந்த நேரத்தில் பவளக் கிளைகளுக்குள் ஒடுங்கிவிடும். அப்போதுதான் எபாலெட் சுறா சாவகாசமாக வெளியே வரும். ஒரு மீட்டர்கூட வராத சுறா, தோளில் பெரிய கரும்புள்ளி. துடுப்புகளை ஊன்றி அடிமணலில் நடக்கும், உண்மையாகவே நடக்கும். ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லாத தண்ணீரிலும் மூளையின் செலவைக் குறைத்துக்கொண்டு சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். இந்தத் திறனைப் பற்றிய ஆய்வுகள் பலவும் ஹெரான் திட்டில் பிடித்த சுறாக்களை வைத்துத்தான் நடந்தன. உங்கள் டார்ச் வெளிச்சத்தில் அது இரண்டடி தூரத்தில் போகும், உங்களை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளாது.

நடக்கும்போது பவளத்தின் மேல் கால் படக்கூடாது, மணல் தெரிகிற இடமாகப் பார்த்து மிதியுங்கள். கையில் கோல் வைத்துக்கொண்டால் சமநிலை கிடைக்கும். அதை வைத்து எதையும் குத்திப் பார்க்காதீர்கள். கூம்புச் சங்கு, கல்மீன், நீல வளையம் போட்ட குட்டி ஆக்டோபஸ் மூன்றும் அங்கே உண்டு. மூன்றுமே தானாகத் துரத்தி வந்து கடிக்கிற ரகமில்லை. கூம்புச் சங்கை "அழகாக இருக்கிறதே" என்று எடுக்கிறவருக்குத்தான் ஆபத்து. திருக்கை மணலுக்குள் புதைந்து கிடக்கும், அதனால் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள், அதிர்வை உணர்ந்து அதுவே நகர்ந்துவிடும்.

சமையல் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நாங்கள் போனபோதெல்லாம் முறை வைத்து நாங்களே சமைத்தோம். சாமான் மொத்தமும் சரக்குப் படகில் வரும், தீர்ந்தால் தீர்ந்ததுதான். கானாங்கோழி ஒன்று, வரிவரியாக உடம்பு உள்ளது, அடுக்களைப் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும். கதவைத் திறந்து போட்டால் உள்ளே வந்து ரொட்டியை இழுத்துப் போகும். வெட்கமே கிடையாது. யாரும் அதற்குத் தீனி போடக்கூடாது, ஆனால் அதன் உடம்பைப் பார்த்தால் யாரோ போடுகிறார்கள் என்று தோன்றும்.

ப்ராஜெக்டுக்கு இரவு வந்து எழுதுகிறேன். பறவைக்கு வேறு யாராவது வாருங்கள், நான் கீழே பார்த்தே நடந்த ஆள்.

ஆலாப்பித்தன்:

பறவைக்கு நான் வருகிறேன்.

பிப்ரவரியில் போகிறீர்கள் என்றால் இரண்டு கூட்டம் உங்களைச் சந்திக்கும். பகல் கூட்டம் கருப்பு நாடி ஆலாக்கள், இரவுக் கூட்டம் ஆப்புவால் ஷியர்வாட்டர்கள். இரண்டையும் தனித்தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் பயமும் தனித்தனி.

நாடி ஆலா ஒன்றும் செய்யாது. உங்கள் மேல் எச்சம் போடும், அவ்வளவுதான். தீவின் நடுவில் பிசோனியா மரக்காடு. லச்சகெட்ட கீரை என்று வீட்டில் வளர்ப்போமே, அதற்கு நெருங்கிய சொந்தம். கிளைக்குக் கிளை கூடு. உதிர்ந்த பிசோனியா இலைகளை எச்சத்தால் ஒட்டி ஒட்டிக் கட்டுகிற மேடை அது. ஒரு கூட்டுக்கு ஒரே முட்டை. கைக்கு எட்டுகிற உயரத்தில்கூடக் கூடு இருக்கும், பறவை உங்களைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கும். விளிம்பு அகலமான தொப்பி போடுங்கள். மேலே பார்த்து வாயைத் திறக்காதீர்கள். இரண்டாவது அறிவுரையை எல்லோரும் சிரித்துக்கொண்டே கேட்பார்கள், அப்புறம் ஒரு நாள் புரியும்.

ஒன்றுக்கு மட்டும் மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். பிசோனியாவின் விதைகள் பசை மாதிரி ஒட்டும். கொத்தாக இறகில் ஒட்டிக்கொண்டால் பறவையால் பறக்க முடியாது, பாதையோரத்தில் உட்கார்ந்து அப்படியே செத்துப்போகும். நிறைய பார்ப்பீர்கள். விதையை எடுத்துவிடலாமே என்று கை துறுதுறுக்கும். தலையிட வேண்டாம் என்பதுதான் அங்கே விதி. இறந்த பறவை மண்ணுக்கு உரமாகி விதையை வளர்க்கிறது என்று ஒரு அழகான விளக்கம் சுற்றுகிறது. சீஷெல்ஸில் அதைச் சோதித்துப் பார்த்தபோது பிணத்தால் விதைக்குத் தனி ஆதாயம் எதுவும் தெரியவில்லை. உயிரோடு பறந்து இன்னொரு தீவுக்கு விதையைக் கொண்டுபோகிற பறவைதான் மரத்துக்கு லாபம். சாகிறது மரத்துக்கும் நஷ்டக் கணக்கே.

ஷியர்வாட்டர் வேறு ஜாதி. பகல் முழுக்கக் கடலில் இருந்துவிட்டு இருட்டிய பிறகுதான் கரைக்கு வரும். மணலில் வளை தோண்டி அதற்குள் ஒரே முட்டை. வந்ததும் இணையோடு சேர்ந்து ஊளையிடும். பச்சைக் குழந்தை வீறிட்டு அழுகிற சத்தத்தை நூறு வாயால் ராத்திரி பூராவும் கேட்டால் எப்படி இருக்கும், அதுதான். முதல் இரவு தூங்க மாட்டீர்கள். பிற்பாடு அது இல்லாவிட்டால் தூக்கம் வராது என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அப்படியெல்லாம் இல்லை, காதடைப்பான் கொண்டு போங்கள். தண்ணீரிலும் வானத்திலும் அத்தனை லாவகமான பறவை, தரையில் மட்டும் தத்துப்பித்து. இறங்கும்போது புதரில் மோதும், சுவரில் மோதும், எப்போதாவது ஆள் மேலும் மோதும். விடிவதற்கு முன் பாதைகளில்தான் ஓடி ஓடி எழும்பும். அந்த நேரத்தில் நடக்க நேர்ந்தால் ஓரமாக நின்று வழி விடுங்கள்.

உங்கள் பயத்தைவிட நான் அதிகம் கவலைப்படுவது உங்கள் காலைப் பற்றி. பாதையை விட்டு ஓரடி விலகினால் வளை இடிந்து உள்ளே குஞ்சோ தாயோ புதைந்துபோகும். பிப்ரவரியில் உள்ளே குஞ்சு இருக்கும். இரவில் அறைத் திரையை மூடுவதும் இதோடு சேர்ந்த கடமை. வெளிச்சம் பறவையையும் குழப்பும், ஆமைக் குஞ்சையும் குழப்பும்.

புதுத்துடுப்பு:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. "உங்கள் கால்" என்ற இடத்தில் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

அக்கா, ப்ராஜெக்ட் பற்றி: பிப்ரவரியில் ஆமைக் குஞ்சு பொரிக்கும் என்று படித்தேன். கூட்டிலிருந்து கடல்வரை எத்தனை குஞ்சு தப்பிக்கிறது என்று எண்ணலாமா? கூட்டு மணலில் வெப்பநிலை அளந்து ஆணா பெண்ணா என்று கணிக்கலாமா?

கடலட்டைக்காரி:

இரண்டும் நல்ல கேள்விகள். இரண்டையும் ஒரு வாரத்தில் செய்ய முடியாது.

முதலில் அனுமதி. பெருந்தடுப்புப் பவளத்திட்டு கடல் பூங்காவில் ஆய்வுக்குப் பெரும்பாலும் அனுமதி வேண்டும். வகுப்புப் பயிற்சிகள் பெரும்பாலும் பார்ப்பது, எண்ணுவது என்ற வரம்புக்குள் அனுமதிக்கப்பட்டிருக்கும். முதுகெலும்புள்ள விலங்கைத் தொந்தரவு செய்கிற எதற்கும் விலங்கு நெறிமுறைக் குழு ஒப்புதல் தனியாக வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஆக்டோபஸ், கணவாய் வகைகளுக்கும் அதே விதி. குழு ஒப்புதல் வர மாதக்கணக்காகும். மாணவர்கள் கடைசியில் நத்தை, நண்டு, கடல் அட்டை என்று போய் நிற்பதற்கு இது ஒரு காரணம். "வேறு வழியில்லாமல்" என்று நினைக்காதீர்கள், நான் அப்படித்தான் உள்ளே போனேன், இன்னும் வெளியே வரவில்லை.

ஆமையைப் பொறுத்தவரை, நீங்கள் போகிற நேரத்தில் இரண்டும் நடக்கும். முட்டையிடும் பேராமைகள் (பச்சை ஆமைகள்) கொஞ்சம் கரையேறிக்கொண்டிருக்கும், நவம்பர் டிசம்பரில் இட்ட முட்டைகள் பொரிந்துகொண்டிருக்கும். அடைகாலம் சுமார் இரண்டு மாதம். மணல் சூடாக இருந்தால் பெண் அதிகம், குளிர்ச்சியாக இருந்தால் ஆண் அதிகம், அது சரி. ஆனால் பாலினம் தீர்மானமாவது அடைகாலத்தின் நடுப்பகுதியில். ஒரு வாரம் மேல் மணலில் வெப்பமானி குத்தி அதைச் சொல்ல முடியாது. இந்தக் கேள்வி எவ்வளவு பெரியது என்றால், 2018-ல் வந்த ஆய்வு ஒன்றில் பெருந்தடுப்புத் திட்டின் வடபகுதிக் கடற்கரைகளில் பிறந்த இளம் பேராமைகளில் 99 சதவீதத்துக்கும் மேல் பெண். ஹெரான் இருக்கிற தென்பகுதியில் பிறந்தவற்றில் 65 முதல் 69 சதவீதம்தான். தென்பகுதி மணல் குளிர்ச்சி. இதைக் கண்டுபிடிக்க அவர்கள் கடலில் ஆமைகளைப் பிடித்து, எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று மரபணு வைத்துப் பிரித்து, ஹார்மோனைப் பார்த்து, எவ்வளவோ செய்தார்கள்.

குஞ்சு எண்ணுவதில் இன்னொரு சிக்கல். நீங்கள் பக்கத்தில் நின்றாலே முடிவு மாறிவிடும். பகலில் வெளியே வருகிற குஞ்சைக் கடற்காகம் கொத்தும், தண்ணீருக்குள் போனதைக் கருமுனைச் சுறா பிடிக்கும். உங்களைப் பார்த்துக் காகம் ஒதுங்கினால் உங்கள் எண்ணிக்கை பொய். ஒதுங்காவிட்டால் நீங்கள் அழுதுகொண்டே எண்ண வேண்டும். வகுப்பில் யாராவது ஒருவர் காகத்தை விரட்ட ஓடுவார், உதவியாளர் அவரைப் பிடித்து நிறுத்துவார், வருடா வருடம் இதே நாடகம்.

ஆமை வேண்டும் என்றால் தடத்தை எண்ணுங்கள். விடிந்ததும் கடற்கரையைச் சுற்றி நடந்தால் இரவு வந்தவற்றின் தடம் டிராக்டர் டயர் போனதுபோல் கிடக்கும். சில தடங்கள் மேலே போய்க் குழி தோண்டி, மூடி, திரும்பியிருக்கும். சில பாதியிலேயே வளைந்து கடலுக்கே போயிருக்கும். எந்தப் பக்கக் கரையில் எவ்வளவு திரும்பிப் போகிறது, அங்கே கரை செங்குத்தா, பாறைத்தட்டு தடுக்கிறதா, விளக்கு தெரிகிறதா என்று பார்க்கலாம். யாரையும் தொட வேண்டாம், தொந்தரவு இல்லை. ஓத அளவுக்குள் இருக்கும் தடத்தைக் கடல் அழித்துவிடும் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள். ஹெரானில் ஆமைக்கு அடையாளத் தகடு போடும் வேலை 1960-களிலேயே தொடங்கிவிட்டது. 1920-களில் அதே தீவில் ஆமை சூப்பை டப்பாவில் அடைக்கும் ஆலை இருந்தது என்பதையும் உங்கள் உரையில் ஒரு வரி சேர்த்தால் கூட்டம் நிமிர்ந்து உட்காரும்.

இரவில் ஆமை பார்க்கப் போகும்போது முட்டையிடத் தொடங்கும்வரை கிட்டே போகாதீர்கள், முன்னால் நிற்காதீர்கள், போன் வெளிச்சம் வேண்டவே வேண்டாம். சிவப்பு டார்ச்கூட அவசியமானால்தான்.

சரி, என் மனசில் இருக்கிற ப்ராஜெக்டைச் சொல்கிறேன். கடல் அட்டை. சிரிக்காதீர்கள். 2021-ல் ட்ரோன் படம் வைத்து ஹெரான் திட்டில் எத்தனை கடல் அட்டை இருக்கும் என்று கணக்கிட்டார்கள். அவை வருடத்துக்கு 64,000 டன்னுக்கு மேல் மணலை விழுங்கி வெளியேற்றுகின்றன என்று வந்தது. திட்டு முழுக்க மணலைப் புரட்டிப் போடுகிற இயந்திரம் அது. உங்களுக்கான கேள்வி சின்னதாக இருக்கட்டும்: கரையிலிருந்து விளிம்பை நோக்கிப் போகப் போக எந்த இனம் எங்கே இருக்கிறது? கருப்பு அட்டை மணல் அதிகமான இடத்திலா, பச்சை நிறத்தில் முள்முள்ளாக இருப்பது பவளம் கலந்த இடத்திலா? அளவு நாடாவைப் பிடித்து, ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தை வைத்து, உள்ளே எத்தனை, என்ன தரை என்று எழுதினால் போதும். மாலை மேசையில் உட்கார்ந்து அதே நாளில் வரைபடம் போடலாம். பகல் வற்றத்திலும் இரவு வற்றத்திலும் அதே கோட்டில் போனால் இன்னும் சுவாரஸ்யம், சில இனங்கள் பகலில் ஒளிந்திருக்கும்.

மாணவர்கள் அதிகம் சறுக்குவது ஒரே குட்டைக்குள் பத்துச் சட்டம் வைத்துவிட்டு "பத்து மாதிரி" என்று சொல்வதில். அது பத்து இல்லை, ஒன்று. கோடுகளைத் தள்ளித் தள்ளிப் போடுங்கள், எங்கே போடுவது என்பதை முந்தின இரவே சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். தண்ணீருக்குள் நின்று முடிவு செய்தால் அட்டை இருக்கிற பக்கமே கால் போகும். நாடாவின் இரு முனையிலும் கனம் கட்டுங்கள். பென்சிலும் தண்ணீர் படாத தாளும் எடுத்துப்போங்கள், பேனா உதவாது. அட்டையைக் கையில் தூக்காதீர்கள், சில இனங்கள் பயந்தால் பிசுபிசுவென்று வெள்ளை நூல் கக்கும், துணியிலிருந்து போகவே போகாது.

பழைய டைவர்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இதையெல்லாம் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளைக்கு யாராவது 2024-ல் கடல் சூட்டால் பவளம் வெளுத்ததைப் பற்றிச் சொல்ல வேண்டாமா? தென்பகுதித் திட்டுகள் தப்பிக்கும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த வருடம். வெளுத்துப்போன பவளத்தைப் பார்க்கத்தான் இத்தனை தூரம் போகிறார்களா?

கடலட்டைக்காரி:

சொல்ல வேண்டும், நீங்கள் சொன்னது நல்லது அண்ணா.

ஹெரானுக்குப் பக்கத்தில் ஒன் ட்ரீ தீவு இருக்கிறது. சிட்னி பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிலையம் மட்டும்தான் அங்கே, பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. படகு நங்கூரமோ மீன்பிடியோ காரணம் என்று சொல்ல முடியாத இடம். அங்கே 462 பவளக் கூட்டங்களை அடையாளம் வைத்துத் தொடர்ந்து பார்த்தார்கள். 2024 பிப்ரவரியில் 66 சதவீதம் வெளுத்திருந்தது, ஏப்ரலில் 80. ஜூலைக்குள் வெளுத்தவற்றில் 44 சதவீதம் செத்துப்போயிருந்தது. பாதுகாத்த இடம், சுத்தமான தண்ணீர், எல்லாம் இருந்தும் சூட்டுக்கு முன்னால் எதுவும் எடுபடவில்லை.

ஆனால் "பார்க்க என்ன இருக்கிறது" என்பதோடு நான் உடன்படவில்லை. செத்த பவளத்தின் மேல் பாசி எவ்வளவு நாளில் ஏறுகிறது, கிளிமீன் எங்கே மேய்கிறது, குட்டிப் பவளம் எங்கே ஒட்டுகிறது என்று யாராவது போய் எண்ணினால்தான் தெரியும். நிலையத்தில் கடல்நீர் ஓயாமல் ஓடுகிற தொட்டிகள் இருக்கின்றன, வருங்கால வெப்பத்தை வைத்து எத்தனையோ சோதனைகள் அங்கே நடந்திருக்கின்றன. 2007-ல் தீப்பிடித்து நிலையத்தின் பெரும்பகுதி எரிந்துபோனது. திரும்பக் கட்டினார்கள். வேலை தேவை என்பதால்தானே?

புதுத்துடுப்பு, உங்கள் சட்டத்துக்குள் வருகிற பவளம் உயிரோடா, வெளுத்ததா, பாசி மூடியதா என்று உங்கள் அட்டவணையில் ஒரு பத்தி சேர்த்துக்கொள்ளுங்கள். கூடுதல் வேலை பெரிதாக ஆகாது. பவளம் வெளுத்திருப்பதும் செத்திருப்பதும் ஒன்றில்லை என்பதை மட்டும் முதல் நாளே உதவியாளரிடம் நேரில் காட்டச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். வெளுத்ததில் சதை இருக்கும், உற்றுப் பார்த்தால் தெரியும். செத்ததில் எலும்பு மட்டும், சில வாரத்தில் பச்சைப் படலம் ஏறிவிடும்.

பழைய டைவர்:

ஒத்துக்கொள்கிறேன். நான் பார்த்த ஹெரான் வேறு, அதனால் வந்த கோபம்.

அந்தப் பிள்ளைக்கு ஒரு இடம் சொல்கிறேன். தீவின் கிழக்குமுனைப் பக்கம் ஷார்க் பே என்று இருக்கிறது. வெயில் காலத்தில் கரையோரம் கணுக்கால் தண்ணீரிலேயே திருக்கையும் உழுவை மீனும் கருமுனைச் சுறாவும் கூட்டமாகக் கிடக்கும். நீந்தத் தெரியாவிட்டாலும் மணலில் உட்கார்ந்தே பார்க்கலாம்.

புதுத்துடுப்பு:

முடிவு செய்துவிட்டேன். கடல் அட்டை, பகல் ஒரு முறை இரவு ஒரு முறை, கூடவே பவளப் பத்தி. பேராசிரியருக்கு மெயில் போட்டேன், "அப்பாடா, ஒருவராவது" என்று பதில் வந்தது. 

கடைசியாக ஒன்று. படகுப் பயணம் இரண்டு மணி நேரம் என்கிறார்கள். காரிலேயே வாந்தி எடுக்கிற ஆள் நான்.

ஆலாப்பித்தன்:

மாத்திரையைப் படகு கிளம்பிய பிறகு போட்டால் பிரயோஜனம் இல்லை. குறைந்தது அரை மணி, ஒரு மணி நேரம் முன்னாலேயே போட வேண்டும். சில மாத்திரைகள் தூக்கம் வரவழைக்கும், அதனால் எது உங்களுக்குச் சரிப்படும் என்று மருந்துக்கடையில் முன்பே கேட்டு, வீட்டில் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். படகில் பின்பக்கம், கீழ்த்தளம், முடிந்தால் வெளிக்காற்று. போனைப் பார்க்கக் கூடாது, அடிவானத்தைப் பார்க்க வேண்டும். துறைமுகத்தை விட்டு வெளியே வந்த பிறகுதான் ஆட்டம் ஆரம்பம், கிளாட்ஸ்டன் உள்துறையில் "இவ்வளவுதானா" என்று நினைத்து பஜ்ஜி சாப்பிட்டுவிடாதீர்கள்.

தீவை நெருங்கும்போது வாய்க்கால் ஓரத்தில் துருப்பிடித்த கப்பல் ஒன்று கிடக்கும். அது 1884-ல் கட்டிய புரொடெக்டர் என்ற போர்க்கப்பல், அலைத்தடுப்பாகக் கொண்டுவந்து போட்டது. அதன் மேல் பறவைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும், அங்கிருந்தே உங்கள் பயத்துக்கு ஒத்திகை பார்த்துக்கொள்ளலாம். பெரிய பெட்டிகளைத் தனியாக ஏற்றி இறக்குவார்கள், கைக்கு வர நேரமாகும். தொப்பி, காலணி, மாற்று உடை, மாத்திரை நான்கும் தோள்பையில் இருக்கட்டும். சில வகுப்புகளை இறங்கிய ஒரு மணி நேரத்திலேயே தண்ணீரில் இறக்கிவிடுவார்கள்.

கடலட்டைக்காரி:

சில வகுப்புகள் இல்லை, எல்லா வகுப்புகளும். அன்றைக்கு வற்றம் எத்தனை மணிக்கு என்று இப்போதே பார்த்து வையுங்கள்.